கருணையா? கடனா?

‘எவர் தயவும் எமக்கில்லை, எம் உழைப்பால் உயர்ந்தோம்’ என்று பேசுவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். மேடையிலே பேசுகிறார்கள், மலர்களிலே எழுதுகிறார்கள், மாலை சூட்டப்படும் வேளையிலே மறவாமல் சொல்கிறார்கள். கேட்க இனிமையான சொல். உழைப்பைப் போற்றும் சொல் என்பதால், உழைப்பை மதிக்கும் நாமும் கைதட்டிவிடுகிறோம். கைதட்டல் ஓய்ந்தபின் எண்ணிப் பார்த்தாலோ, உள்ளத்திலே ஐயம் எழுகிறது. உழைப்பு ஒன்றே ஒருவரை உயர்த்திவிடும் என்றால், உழைத்து உழைத்து ஓடாய்த் தேய்ந்தவர்கள் ஏன் உயரவில்லை? அறிவு ஒன்றே போதும் என்றால், அறிவிருந்தும் வாசலிலேயே நின்றுவிட்டவர்கள் இத்தனை பேர் ஏன்?

உயர்ந்தவர் எவராயினும், அவர் ஏறிய படிகளிலே பிறர் கைகள் பட்டிருக்கின்றன. தாயின் கை, தமையனின் கை, ஆசிரியரின் கை, பெயரும் தெரியாத எவரோ ஒருவரின் கை. அந்தக் கைகளுக்கு நாம் என்ன பெயரிடுவது? கருணை என்று பெயரிட்டால், நன்றி கூறி வணங்கிவிட்டுப் போய்விடலாம், கணக்குத் தீர்ந்தது. கடன் என்று பெயரிட்டாலோ, திருப்பித் தர வேண்டும். எவருக்குத் தருவது, எதைத் தருவது என்ற கேள்விகள் தொடர்ந்து வரும். ஆகவே இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மனிதன் மனிதனுக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்ற ஒழுக்க ஆராய்ச்சி.

இதனை வழக்கறிஞர் தொழிலை வைத்து ஆராய விரும்புகிறோம். ‘எத்தனையோ தொழில்கள் இருக்க, இது ஏன்?’ என்று கேட்கத் தோன்றலாம். நியாயம் பேசுவதையே பிழைப்பாகக் கொண்டோர் வீட்டிலே நியாயம் குடியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பதுதானே முறை!

சட்டம் நூலிலே இருக்கிறது. வழக்காடும் கலை நூலிலே இல்லை. மனுவை எப்படி எழுதினால் நிற்கும், குறுக்கு விசாரணையிலே எந்தக் கேள்வியைக் கேளாமல் விடவேண்டும், நீதிபதியின் முகம் மாறும்போது வாதத்தை எந்த இடத்திலே நிறுத்தவேண்டும், தோற்கப்போகும் வழக்கைக் கட்சிக்காரரிடம் எந்தச் சொல்லால் எடுத்துரைக்க வேண்டும் – இவற்றை எந்தக் கல்லூரியும் முழுதாகக் கற்றுத் தருவதில்லை. மூத்த வழக்கறிஞரின் அறையிலே அமர்ந்து, அவர் வழக்குக் கட்டைச் சுமந்து, வாய்தா வாங்கி, அவர் பேசுவதைக் கேட்டு, தாம் எழுதியதை அவர் கிழித்தெறிய மீண்டும் எழுதி, ஆண்டுக் கணக்கில் பழகிப் பெறவேண்டிய கலை அது. சீனியர் இல்லாத ஜூனியர், கரை காட்டுவார் இல்லாத ஓடம்.

அந்த அறையிலே இடம் எவருக்குக் கிடைக்கும்? மகனுக்குக் கிடைக்கும், மருமகனுக்குக் கிடைக்கும், நண்பர் மகனுக்குக் கிடைக்கும், ‘தெரிந்த குடும்பத்துப் பிள்ளை’க்குக் கிடைக்கும். தருகிறவர் கொடியவர் அல்லர். தமக்குத் தெரிந்தவர்க்குத் தருகிறார், அவ்வளவுதான். ஆனால் தெரிந்தவர் எவர் என்பதைத் தெருவும் குலமும் முன்பே முடிவு செய்து வைத்திருக்கின்றன. ஆளுக்கொரு கல்லாக, அன்போடும் பாசத்தோடும் அடுக்கப்பட்டாலும், சுவர் சுவர்தான்!

சென்னை உயர்நீதிமன்றம் தொடங்கப்பட்டது 1862இல். ஒடுக்கப்பட்ட வகுப்பிலே பிறந்த ஒருவர், ஏ. வரதராசன், அங்கே முதன்முதலாக நீதிபதியானது 1973இல். நூற்றுப் பதினோரு ஆண்டுகள்! பெண் ஒருவர், பத்மினி ஜேசுதுரை, அங்கே முதன்முதலாக நீதிபதியானது 1986இல். நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் அறிவு அந்தச் சேரிகளையும் அடுப்படிகளையும் எட்டிப் பார்க்கவே இல்லை என்று எவரேனும் வாதிட முன்வருவாரா? அறிவு இருந்தது. அதற்குக் கை கொடுப்பார் இல்லை. அந்த வரதராசன்தான், வாய்ப்புக் கிடைத்த ஏழாம் ஆண்டிலே, 1980இல், உச்சநீதிமன்றத்திற்கும் சென்றார்.

இத்தகைய சுவரைக் கைகள் சேர்ந்து தகர்த்த வரலாறு ஒன்று அமெரிக்காவிலே உண்டு. இங்கே சாதி நின்ற இடத்திலே அங்கே நிறம் நின்றது. அந்த வரலாற்றிலே மூவரைப் பார்ப்போம். ஒருவர் மற்றவரைக் கைதூக்கிவிட்ட மூவர்.

முதலாமவர், சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். கறுப்பர், ஆனால் வழக்கறிஞரின் மகன். தந்தை, பகலில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே ஹோவர்டு பல்கலைக்கழகத்து மாலை வகுப்பிலே சட்டம் படித்து முன்னேறியவர். மகன் ஹார்வர்டிலே படித்தார்; அங்கே சட்ட ஆய்விதழின் ஆசிரியர் குழுவிலே இடம்பெற்ற முதல் கறுப்பர் ஆனார்; தந்தையோடு சேர்ந்து தொழில் நடத்தினார். அந்த அறையிலேயே அமர்ந்து, பொருள் ஈட்டி, தம் பிள்ளைக்கு அதை விட்டுச் சென்றிருக்கலாம். எவர் குறை கூறியிருப்பார்? அவரோ, 1929இல் ஹோவர்டு சட்டப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். வழக்கறிஞன் சமுதாயத்தைச் சீரமைக்கும் பொறியாளனாக இருக்கவேண்டும். இல்லையேல் சமுதாயத்தின்மேல் படரும் புல்லுருவியாகிவிடுவான் என்பது அவர் தம் மாணவர்க்குப் புகட்டிய பாடம். கண்டிப்பு மிகுந்தவர். மாணவர்கள் ‘இரும்புச் செருப்பு’ என்று பட்டப் பெயரிட்டனர். பள்ளியின் தரத்தை உயர்த்த வேண்டுமென்று மாலை வகுப்புகளையே மூடிவிட்டார். தம் தந்தை ஏறிய படி அது! பகலெல்லாம் உழைத்துவிட்டுப் படிக்க வந்தவர்களின் வாய்ப்பு அதனால் அடைபட்டது என்று அன்றே அவரைக் குறை கூறினோர் உண்டு; அதிலே நியாயமும் உண்டு. கைகொடுப்பவர் குற்றமற்றவராக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால், தம் மாணவன் எந்த வெள்ளை வழக்கறிஞனுக்கும் ஓர் அணுவளவும் குறைந்தவனாக நீதிமன்றம் ஏறக்கூடாது என்பதிலே அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாமவர், அந்த இரும்புச் செருப்பின் மாணவர் தர்குட் மார்ஷல். பால்டிமோர் நகரத்தவர். தந்தை இரயில் பணியாளராகவும், பின்னர் வெள்ளையர் மன்றம் ஒன்றிலே பணியாளராகவும் இருந்தவர். ஓய்வு கிடைத்தபோது மகனை நீதிமன்றத்திற்கு அழைத்துச் சென்று வழக்குகளைக் காட்டியவர். உணவு மேசையிலே, ‘சொன்னதற்குச் சான்று என்ன?’ என்று மகனை மடக்கியவர். தாய் பள்ளி ஆசிரியை. சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டப் பள்ளி கறுப்பருக்குக் கதவடைத்திருந்தது. எனவே பால்டிமோரிலிருந்து வாஷிங்டனுக்கு நாள்தோறும் இரயிலேறிச் சென்று ஹோவர்டிலே படித்தார் மகன். படிப்புச் செலவுக்காகத் தாய் தம் திருமண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்தார்.

1933இல் வகுப்பிலே முதல்வராகத் தேறினார் மார்ஷல். இரண்டே ஆண்டுகள்! 1935இல் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து நின்று, அதே மேரிலாந்து சட்டப் பள்ளி டொனால்டு மர்ரே என்னும் கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்புப் பெற்றனர். தமக்கு அடைபட்ட கதவை அடுத்தவருக்குத் திறந்துவிட்டார். 1954இல், பள்ளிகளிலே நிறத்தின்பேரால் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்திற்கு முரண் என்ற தீர்ப்பை அமெரிக்க உச்சநீதிமன்றத்திலே அவரும் தோழர்களும் பெற்றனர். 1967இல் அந்த நீதிமன்றத்திலேயே முதல் கறுப்பின நீதிபதியாக அமர்ந்தார்.

மூன்றாமவர், கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. கறுப்பர், அதிலும் பெண். கல்லூரிக்கு அனுப்பப் பெற்றோரிடம் பொருள் இல்லை. கூட்டமொன்றிலே அந்தப் பெண் துணிந்து பேசியதைக் கேட்ட கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ என்ற வெள்ளை வணிகர், படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார். 1945இல், சட்டப் படிப்பு முடியுமுன்பே, அவரைத் தம் அலுவலகத்திலே பணிக்குச் சேர்த்துக்கொண்டவர் மார்ஷல். பெண் வழக்கறிஞரைப் பெரிய அலுவலகங்கள் ஏறெடுத்தும் பாராத காலம் அது. அந்தப் பெண் உச்சநீதிமன்றத்திலே பத்து வழக்குகளை வாதாடி ஒன்பதில் வென்றார். 1962இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் கதவை ஜேம்ஸ் மெரிடித் என்ற மாணவருக்குத் திறக்கச் செய்தார். 1966இல் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியானார். அந்தப் பதவியிலே அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவரே.

‘ஹூஸ்டன் தம் இனத்தாரைத் தூக்கிவிட்டார், மார்ஷலும் அதையே செய்தார். தம்மவர்க்குத் தாம் உதவுவது குறுகிய பற்று ஆகாதா? தகுதிக்கு அங்கே என்ன மதிப்பு?’ என்று கேட்பார் உண்டு. நமக்குப் பழகிப்போன கேள்வி. தகுதியின்மேல் திடீர்க் காதல் கொண்டோர், தந்தையின் அறையிலே மகன் அமர்ந்தபோது எங்கே போயிருந்தனர்? அங்கே மகனுக்கு எவர் தேர்வு வைத்தார்? மகன் முன்னேறினால் திறமை. மற்றவன் முன்னேறினால் சலுகை – இதுவா தராசு? பரம்பரை வழக்கறிஞனுக்கும் கைகொடுப்பார் உண்டு. அது வீட்டுக்குள்ளே நடப்பதால் அதற்குப் பெயரில்லை; வீதியிலே நடந்தால் மட்டும் பெயர் வந்துவிடுகிறது.

வழக்கறிஞரின் மகனாகப் பிறப்பது குற்றம் என்று நாம் கூற வரவில்லை. ஹூஸ்டனும் அப்படிப் பிறந்தவரே. வீட்டிலே கிடைத்த விளக்கை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தாரா, வீதிக்குக் கொண்டுவந்தாரா என்பதே கேள்வி.

கைகொடுப்பார் இல்லாவிடில், தகுதி மட்டும் என்ன பாடுபடும் என்பதைக் காணக் கடல்கடந்து செல்ல வேண்டாம். நம் நாட்டிலேயே, பம்பாய் நகரத்திலேயே காணலாம். கொலம்பியாவிலே படித்து, இலண்டனிலே படித்து, 1922இல் கிரேஸ் இன்னிலே பாரிஸ்டராகி, 1923இல் நாடு திரும்பினார் அம்பேத்கர். தொழில் தொடங்குவதற்கான சன்னது பெறவும் கையிலே பணமில்லை. நவல் பத்தேனா என்ற பார்சி நண்பர் கடன் தந்தார். சன்னது வந்தது, வழக்கு வரவில்லை. பம்பாய் உயர்நீதிமன்றத்திலே பாரிஸ்டருக்கு வழக்கைக் கொண்டுவந்து தரவேண்டியவர்கள் சொலிசிட்டர்கள். தீண்டத்தகாதவர் என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவரோடு தொழில் உறவு கொள்ளவும் அவர்கள் கூசினர். அந்நாளில் அந்த அளவு படித்தவர்கள் இந்த நாட்டிலே மிகச் சிலர். அப்படிப்பட்டவர் வணிகச் சட்டம் கற்பிக்கும் பகுதி நேர வேலை பார்த்து வயிறு வளர்க்க நேர்ந்தது! ஏழைகளின் வழக்குகளே அவருக்கு வந்தன. 1926இல் புனேயிலே, பார்ப்பனரல்லாதார் இயக்கத் தலைவர்கள்மேல் தொடுக்கப்பட்ட அவதூறு வழக்கிலே அவர்கள் பக்கம் நின்று வாதாடி வென்றார். அதன் பின்னரே அவர் வாதத் திறமை வெளியுலகுக்குத் தெரிந்தது. அவர் மேதை, எனவே சுவரை முட்டி முட்டி வழி கண்டார். ஆனால், ஒடுக்கப்பட்டவன் நுழைய மேதையாக இருக்கவேண்டும், மற்றவன் நுழையச் சாதாரணமாக இருந்தால் போதும் என்பது நீதியாகுமா?

இங்கே குடும்பத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘என் குடும்பம் எனக்குத் துணை நின்றது’ என்று உயர்ந்தோர் பலர் உருக்கமாகக் கூறுவர். குடும்பம் என்ற அந்தப் பொதுச் சொல்லுக்குள்ளே எவர் இருக்கிறார் என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா? மோதிரத்தைக் கழற்றியவர் தாய். அம்பேத்கர் கடல்கடந்து படித்த ஆண்டுகளிலே பம்பாயிலே வறுமையோடு போராடி, பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்து, வாய் திறவாமல் வாழ்ந்தவர் அவர் துணைவியார் ரமாபாய், 1935இல் மறைந்தார். துணை நிற்பது என்பது பெரும்பாலும் ஒரு பெண் தன்னைத் தேய்த்துக்கொள்வதாகவே இருந்திருக்கிறது. அதே பெண் கறுப்பு அங்கி அணிய விரும்பினால், அவளுக்குத் துணை நிற்க எத்தனை ஆண்கள் முன்வந்தனர்? இந்த நாட்டிலே பெண்ணென்ற காரணத்தால் ஒருவரை வழக்கறிஞர் தொழிலிலிருந்து விலக்கலாகாது என்று சட்டம் வந்ததே 1923இல்தான்.

முன்வந்தவரும் இல்லாமற் போகவில்லை. கேரளத்துப் பத்தனம்திட்டையிலே, வேதியியல் படிக்க விரும்பிய மகளைச் ‘சட்டம் படி’ என்று ஊக்கினார் மீரா சாகிபு என்ற தந்தை. இசுலாமியப் பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அரிதாயிருந்த நாளில் அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? 1937இலேயே திருவிதாங்கூரிலே முன்சீபாகி, 1959இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியான அன்னா சாண்டியின் எடுத்துக்காட்டிலிருந்து வந்தது. அந்த மகள் பாத்திமா பீவி. 1950இல் வழக்கறிஞரானார், 1989இல் இந்திய உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார், 1997 முதல் 2001 வரை நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். ஒரு பெண் ஓர் இருக்கையிலே அமர்ந்ததால், வேறோர் ஊரிலே ஒரு தந்தையின் மனம் திறந்தது. இருந்த இடத்திலிருந்தே கைகொடுத்தார் அன்னா சாண்டி.

பல வகுப்பினரும் பல நிறத்தினரும் இரு பாலாரும் நீதிமன்றத்திலே இருப்பது, இருப்பவர்க்குத் தரும் பரிசு அன்று, நீதிக்கே தேவை. 1975இல், பெண் வழக்கறிஞர்களுக்கு வேலையிலே பாகுபாடு காட்டியதாக நியூயார்க்கின் பெரும் வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றின்மேல் வழக்கு வந்தது. விசாரிக்க வேண்டிய நீதிபதி மோட்லி. ‘பெண்ணாகவும் கறுப்பராகவும் இருந்து பாகுபாட்டை அனுபவித்தவர், ஆகவே அவர் விலகவேண்டும்’ என்றது எதிர்த்தரப்பு. அவர் மறுத்தார். பிறப்பும் பாலும் நிறமும் விலகுவதற்குக் காரணமாகுமானால், இந்த நீதிமன்றத்திலே எந்த நீதிபதியும் எந்த வழக்கையும் விசாரிக்க முடியாது. ஏனெனில் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பாலும் ஏதோ ஒரு நிறமும் உண்டு என்ற கருத்திலே அமைந்தது அவர் விடை. எவ்வளவு எளிய உண்மை! வெள்ளை ஆணின் பார்வைக்குப் பெயர் நடுநிலை. மற்றவர் பார்வைக்குப் பெயர் சார்பு என்று நெடுநாள் நிலவிய மயக்கத்தை ஒரே விடையிலே கலைத்தார். பலர் அமர்ந்தால்தான், எவர் பார்வையும் முழுப் பார்வை அன்று என்பது புலப்படும்.

தொடக்கத்திலே எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை காண்போம். ஹூஸ்டன் 1950இலேயே மறைந்தார். 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பை அவர் காணவில்லை. அவர் தந்ததை மார்ஷல் எவ்வாறு அவரிடமே திருப்பித் தர முடியும்? தாயின் மோதிரத்தை மீட்டுத் தரலாம். மோதிரத்தைக் கழற்றிய அந்த மனத்துக்கு எதை ஈடாக வைப்பது? எனவே இது வாங்கியவரிடமே அடைக்கும் கடன் அன்று. பின்னால் வருபவரிடம் அடைக்கவேண்டிய கடன். மார்ஷல் மோட்லிக்குத் தந்தபோது, ஹூஸ்டனின் கணக்கிலே ஒரு பகுதி தீர்ந்தது. இதைக் கருணை என்று கூறுவது பெறுபவரைத் தாழ்த்தும். தருபவரை வீணே உயர்த்தும். வாங்கியதைத் தருகிறவன் வள்ளல் ஆவதில்லை. நாணயமானவன் ஆகிறான், அவ்வளவே.

இன்னுமொன்று. தனி மனிதரின் நாணயத்தை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. நல்ல சீனியர் கிடைத்தவன் பிழைப்பான், கிடைக்காதவன் ஊர் திரும்புவான் என்றால், அது நல்வாய்ப்பே தவிர நீதி அன்று. வழக்கறிஞராகப் பதிவு செய்யச் சட்டம் விதித்த கட்டணம் 750 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். ஆனால் மாநில வழக்கறிஞர் மன்றங்கள் பல, பல பெயர்களிலே 15,000, 20,000, அதற்கு மேலும் வாங்கி வந்தன. சட்டம் கூறியதற்கு மேல் வாங்கலாகாது என்று 2024 சூலை 30 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எளிய வகுப்பினரைத் தொழிலுக்கு வெளியே நிறுத்தும் தடையே அந்தக் கட்டணம் என்பதையும் எடுத்துரைத்தது. அதே ஆண்டு சூன் திங்களில், சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் ஜூனியர் வழக்கறிஞருக்கு மாதம் 20,000 ரூபாயும், பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தது தரவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. ஊதியமின்றி ஆண்டுக் கணக்கில் கட்டுத் தூக்க எவரால் முடியும்? வீட்டிலே சோறு இருப்பவனால் முடியும். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவனால் முடியுமா? இலவசப் பயிற்சி என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் பயிற்சி; ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பட்டினி.

தீர்ப்புகள் வந்துவிட்டன என்று மகிழ்ந்து அமர்ந்துவிட முடியாது. தாளிலே இருக்கும் தொகை ஜூனியரின் கைக்கு வந்து சேர்கிறதா என்று கேட்கும் துணிவு வேண்டும். விதி கதவைத் திறக்கும். உள்ளே வந்தவனுக்கு வேலை கற்றுத்தரும் மனம் விதியிலே இல்லை. அது மனிதரிடமே இருக்கிறது. விதியும் வேண்டும், மனிதரும் வேண்டும்.

சட்டக் கல்லூரிகளிலே பயிலும் இளைஞர்களையும் நங்கையரையும் நோக்கிக் கூறுகிறோம். கைகொடுப்பவர் கிடைத்தால் கூச்சமின்றிப் பற்றிக்கொள்ளுங்கள்; அது பிச்சை அன்று, உங்களுக்கு முன்னே எவரோ தொடங்கி வைத்த கணக்கு. கண்டித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இழிவுபடுத்தினால் பொறுக்காதீர்கள். நாளை உங்களுக்கென ஓர் அறை அமையும். அதன் வாயிலிலே, உங்கள் தெருவைச் சேராத, உங்கள் உறவைச் சேராத, கோட்டு வாங்கவும் கடன்பட்ட ஒரு பிள்ளை வந்து நிற்கும். எவர் வீட்டுப் பிள்ளை என்று கேளாதீர்கள். ‘என்ன எழுதத் தெரியும்? அமர்ந்து எழுது, பார்க்கலாம்’ என்று சொல்லுங்கள். மாதம் முடிந்ததும் ஊதியத்தை எண்ணிக் கொடுங்கள். கடன் அடைபடத் தொடங்கும்.